மூத்தவனைப் பற்றி ஆறு பக்கம், இளையவனைப் பற்றி ஒரு பக்கம்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதம் ஏழு பக்கம். முதல் ஆறு பக்கமும் மூத்த மகனின் கதைதான். குலசேகரம் பக்கத்தில் அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவரின் மகன், இன்று கோயம்புத்தூரில் வால்வு தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். பெருமைப்படாமல் எப்படி இருப்பது? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் மரம் மரமாகப் போனது, பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்துத் தந்தது, மழையில் வெட்டு நின்ற மாதங்களில் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டியது. எதையும் நீங்கள் மிகைப்படுத்தவில்லை.

கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இளையவர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் முடித்துவிட்டார், பொறுப்பில்லை, அண்ணன் படித்த அதே டிப்ளமோவில் சேர்த்தால் உருப்படுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்க முடியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் போதும். ஆனால் பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக இரண்டாமாண்டு டிப்ளமோவில் சேரும் வசதி அறிவியல், தொழிற்பிரிவு மாணவர்களுக்கானது. வணிகவியல் படித்த உங்கள் மகன் முதலாமாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். தன்னைவிட இரண்டு வயது இளையவர்களோடு உட்கார்ந்து, விட்டுவிட்டு வந்த இயற்பியலையும் கணிதத்தையும் மறுபடி படிக்க வேண்டும். அவரே ஆசைப்பட்டால் இது பெரிய விஷயமே இல்லை. அவர் ஆசைப்படுவதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டாம் பக்கத்தில் மூத்தவரைப் பற்றி, "நானும் அவனும் கலந்து பேசித்தான் டிப்ளமோ என்று முடிவெடுத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில், பத்தாம் வகுப்பில் அத்தனை மதிப்பெண் வாங்கியும் பிளஸ் ஒன் வேண்டாம் என்று கோணம் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்ததால் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை என்று வருகிறது. நான்காம் பக்கத்தைத்தான் நான் நம்புகிறேன். மகன் ஜெயித்த பிறகு தகப்பன்மாருக்கு எல்லாமே கூடிப் பேசி எடுத்த முடிவாகத்தான் நினைவில் நிற்கும். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரும்புத் துண்டு. முதலாமாண்டு பட்டறை வகுப்பில் மூத்தவர் அரம் போட்டுப் பொருத்திய இரண்டு தகடுகளை இன்னும் ஜன்னல் படியில் வைத்திருக்கிறீர்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்ய எத்தனை நாள் அரம் பிடித்திருப்பார், கை எப்படிக் காய்த்திருக்கும் என்பது பட்டறை தெரிந்தவர்களுக்குத் தெரியும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ், பிறகு நேரடி இரண்டாமாண்டு பி.இ., அதன்பின் வேலை எல்லாம் அந்தப் பொறுமைக்குப் பிறகு வந்தவை. டிப்ளமோ அவரைத் தூக்கிவிட்டது உண்மைதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்ததும், அதற்காக உங்கள் கோபத்தைத் தாங்கிக்கொண்டதும் அவர்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேல சரக்கல்விளைக்காரர் சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார். அவருடைய தந்தை விவசாயி. வயல் வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று மகனைப் பக்கத்திலேயே, நாகர்கோவில் இந்துக் கல்லூரியில், பி.எஸ்சி. கணிதம் சேர்த்தார். பொறியியல்தான் வேண்டும் என்று மகன் சாப்பிடாமல் அடம்பிடித்தும் நடக்கவில்லை. பட்டம் முடிந்தபோது, அன்று தடுத்துவிட்டேன், இனித் தடுக்க மாட்டேன் என்று நிலத்தை விற்றுச் சென்னை எம்.ஐ.டி.க்கு அனுப்பினார். சிவனே பேட்டிகளில் சொன்னது இது. இங்கே எல்லோரும் மகனைப் பற்றியே பேசுகிறோம். ஆலோசகன் என்ற முறையில் எனக்கு அந்தத் தகப்பனார்மேல்தான் மரியாதை அதிகம்.

2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணனையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இவரும் இந்த மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். டிப்ளமோ மெக்கானிக்கல், ஏ.எம்.ஐ.இ. (கல்லூரிக்குப் போகாமல் தேர்வெழுதிப் பெறும் பொறியியல் தகுதி), காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., முனைவர் பட்டம் என்று போனவர்; 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். இன்று ஒரு பையன் அதே படிகளில் ஏற முடியாது. 2013 மே 31-க்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ.யில் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசு வேலையில் அது பி.இ.க்கு இணையாக ஏற்கப்படுவதில்லை. அண்ணன் போன வழி, ஊர்ப் பெரியவர் போன வழி என்று கையைக் காட்டுமுன் அது இன்னும் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி இளையவர். நீங்கள் புகாராக எழுதியதில்தான் எனக்கு விஷயம் கிடைத்தது. பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த தோட்டத்து ரப்பர் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் (சிரட்டையில் உறைந்து ஒட்டிய பால்) கடையில் போட்டுவிட்டு வந்தவர், ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்துக்கான விலை கிடைக்க வேண்டிய ஷீட்டில் ஒரு பங்கைக் கீழ்த்தரத்தில் சேர்த்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஒட்டுப்பாலுக்கு ஈரத்துக்கான எடைக் கழிவு இரண்டு முறை பிடித்திருந்ததையும் நோட்டில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். "பல வருடம் பழகிய கடைக்காரரிடம் மானத்தை வாங்கிவிட்டான்" என்கிறீர்கள். பணம் திரும்ப வந்ததா என்று எழுதவில்லை. வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினேழு வயதில் ஒரு பில்லைப் பிரித்துப் படித்து இரண்டு தவறு கண்டுபிடிக்கிற பையனைப் பொறுப்பில்லாதவன் என்று என்னால் சொல்ல முடியாது. பி.காம். சேருங்கள். அதோடு சி.ஏ. படிப்பின் முதல் கட்டத் தேர்வான பவுண்டேஷனுக்கும் பதிவு செய்யட்டும். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளாதாரம் என நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதைத் தாண்டினால் இன்டர்மீடியட், பிறகு ஆடிட்டரிடம் உதவித்தொகையோடு இரண்டாண்டுப் பயிற்சி, கடைசியாக இறுதித் தேர்வு. முன்பு பயிற்சி மூன்றாண்டு, 2023-இல் குறைத்தார்கள்.

கடினமான படிப்பு, மறைக்கவில்லை. தமிழ்வழியில் படித்தவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். அதனால் முதல் ஆண்டு அவசரப்பட வேண்டாம். ஆங்கிலக் கணக்கியல் நூலைத் தினமும் வாசித்து, விடையைக் கையால் எழுதிப் பழகட்டும். பவுண்டேஷன் கைகூடாவிட்டாலும் பி.காம். கையில் இருக்கும். அதில் 55 சதவீதம் எடுத்தால் பவுண்டேஷன் இல்லாமலேயே இன்டர்மீடியட்டில் சேரலாம். வங்கித் தேர்வுகளுக்கும் அந்தப் பட்டம் போதும்.

இதையெல்லாம் அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அவரே எனக்கு எழுதட்டும். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் போனில் அறிவுரை சொல்வதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி வழியாகவே பதிவு செய்வார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு தொழிற்படிப்புகளுக்கு மட்டுமே, பி.காம்.க்கு வராது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து அலையாதீர்கள். வீட்டில் மூத்தவர் பட்டதாரி ஆகிவிட்டதால் இளையவருக்கு அது கிடைக்காது. வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.