புரதம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

முப்பது வருஷம் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவன் நான். புரதம் என்றாலே ஜிம் பவுடர் என்று ஆகிவிட்ட காலத்தில் அதன் வடிவத்தைப் பற்றி இத்தனை பேர் கேட்டதில் சந்தோஷம். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

சார், தலைமுடியும் புரதம், முட்டை வெள்ளைக்கருவும் புரதம் என்கிறார்கள். ஒன்று நார், இன்னொன்று கொழகொழ. எப்படி?

இடியாப்பமும் கொழுக்கட்டையும் ஒரே அரிசி மாவுதானே, அப்படித்தான். எல்லாப் புரதங்களும் 20 வகை அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்தவை. வெள்ளைக்கருவில் அதிகம் இருக்கும் ஓவால்புமின் 385 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. உருண்டையாக மடிந்து தண்ணீரில் கரைந்து நிற்கிறது. முடியில் உள்ள கெராட்டின் நீளமான சுருள். இரண்டு சுருள்கள் கயிறு போல முறுக்கிக்கொள்ள, அந்தக் கயிறுகளைக் கந்தகப் பிணைப்புகள் பூட்டுகின்றன. பார்லரில் முடியைச் சுருட்டிவிடுவது, அந்தப் பூட்டை அவிழ்த்து வேறு இடத்தில் போடும் வேலை.

ஆனால் மாவு உவமை ஓரிடத்தில் இடறும். மாவுக்கு அச்சு வெளியே இருக்கிறது. புரதத்துக்கோ அதன் வரிசைக்குள்ளேயே அச்சு. எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலங்கள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளியும். மின்னூட்டம் உள்ளவை பெரும்பாலும் வெளியே நிற்கும். அந்த இழுபறியில் சங்கிலி தானே மடிந்துகொள்ளும். அமெரிக்காவில் அன்ஃபின்சன், ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியா முதலானவை சேர்த்து முழுக்க அவிழ்த்தார். அவற்றை நீக்கியதும் அது பழைய வடிவத்துக்கே மடிந்து, மறுபடி வேலையும் செய்தது. 1972ல் அவருக்கு நோபல் பரிசு.

மூன்றாம் நிலை அமைப்பு, நான்காம் நிலை அமைப்பு வித்தியாசம் மண்டையில் ஏறவே இல்லை சார். பிளஸ் டூ மாணவன்.

தம்பி, வரையறையை விட்டுவிடு. மயோகுளோபின், ஹீமோகுளோபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். மயோகுளோபின் தசையில் இருப்பது, 153 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அது மடிந்த மடிப்புதான் மூன்றாம் நிலை. கிட்டத்தட்ட அதே மடிப்பில் நான்கு சங்கிலிகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஹீமோகுளோபின். அந்தச் சேர்க்கைதான் நான்காம் நிலை.

சேர்ந்ததால் என்ன லாபம்? அங்கேதான் அழகு. ஹீமோகுளோபினில் ஒரு சங்கிலி ஆக்சிஜனைப் பிடித்ததும் மற்ற மூன்றும் லேசாக அசைந்துகொடுக்கும். அடுத்த ஆக்சிஜன் சுலபமாக ஏறும். விடும்போதும் அப்படியே. அதனால் நுரையீரலில் நிறைய ஏற்றிக்கொண்டு, உடம்பின் மூலைகளில் தாராளமாக இறக்குகிறது. ஒற்றைச் சங்கிலியான மயோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. ஒன்று லாரி, மற்றது கிட்டங்கி. வெகுநேரம் மூச்சடக்கும் திமிங்கிலத்தின் தசையில் மயோகுளோபின் ஏராளம். 1958ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி கெண்ட்ரூ முதன்முதலாக வடிவம் கண்ட புரதமும் திமிங்கில மயோகுளோபின்தான்.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் நோய் வருமா?

எல்லா மாற்றமும் கெடுதல் இல்லை, பல மாற்றங்கள் வெளியே தெரிவதே இல்லை. மாறிய இடம் எது என்பதுதான் விஷயம். ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளில் பீட்டா என்ற வகையில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவதாக வரவேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலைன் வந்தால் அரிவாள் செல் நோய். முன்னது தண்ணீரோடு ஒட்டும், பின்னது ஒட்டாது. அந்த இடம் புரதத்தின் வெளிப்பக்கம் வேறு. ஆக்சிஜனை இறக்கிய நேரத்தில் ஒரு ஹீமோகுளோபின் இன்னொன்றோடு ஒட்டி, நீள நீளமான இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. இந்தியாவில் இது 1952ல் முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கொலாஜன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். புரதத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கொலாஜன் மூன்று சங்கிலிகள் பின்னிய வடம். அந்த முறுக்குக்குள் இடம் மிகக் குறுகல் என்பதால் மூன்றுக்கு ஒன்று, இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின்தான் பொருந்தும். இந்த மூவிழை வடிவத்தை 1954ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்த வடம் பவுடரிலேயே அறுபட்டுத்தான் வருகிறது. குடித்ததும் குடல் அதை இன்னும் துண்டு துண்டாக்கும். அது நேரே முழங்காலில் போய் உட்காராது. உடம்புதான் புதிதாகப் பின்ன வேண்டும். அதற்கு வைட்டமின் சி அவசியம். அது இல்லாமல்தான் அந்தக் காலக் கடலோடிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. நானாக இருந்தால் அந்தக் காசுக்குப் பருப்பும் முட்டையும் நெல்லிக்காயும் வாங்குவேன்.

அப்போ இன்சுலின் மாத்திரையாக இல்லாததும் இதனால்தானா?

அதேதான். 51 அமினோ அமிலங்கள்தான், இரண்டு சின்னச் சங்கிலிகள். விழுங்கினால் பருப்பு மாதிரி செரித்துவிடும்.

பால் கொதித்தால் கட்டியாவதில்லை, முட்டை வேகவைத்தால் கட்டியாகிறது. அப்புறம், வெந்த முட்டையைத் திரும்பப் பச்சையாக்க முடியுமா? என் மகன் கேட்கிறான்.

முட்டைப் புரதம் மடிந்த உருண்டை. சூட்டில் அவிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பாலில் அதிகம் இருப்பது கேசின். அதற்கு இறுக்கமான மடிப்பே கிடையாது. அவிழ்க்க என்ன இருக்கிறது? அதற்குப் புளிப்புதான் எதிரி. மோர் ஊற்றினால் புளிப்பேறி, கேசின் துகள்களை விலக்கிவைத்த மின்னூட்டம் போய், ஒன்றாகச் சேர்ந்து தயிராகும்.

மகனிடம் சொல்லுங்கள்: 2015ல் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆய்வாளர்கள் வெந்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அதிலிருந்த லைசோசைம் என்ற புரதத்தைப் பழையபடி மடியவைத்தார்கள். ஆனால் அந்த ஒரு புரதத்தைத்தான். ஆம்லெட் போட அது உதவாது.