அடிக்கோடு போட்டும் எழுத வரவில்லையா?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். நாவல் பற்றி எழுத வருகிறது, கட்டுரை நூல் என்றால் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டும் இரண்டு வாரத்தில் மறந்துபோய், கடைசியில் பொருளடக்கத்தைத்தான் ஒப்பிக்கிறேன் என்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த அடிக்கோட்டில்தான்.

கோடு போட்ட வரியைத் திரும்பப் பார்த்தால் 'தெரிந்ததுதானே' என்று தோன்றும். முகம் தெரிந்திருப்பது வேறு, பெயர் ஞாபகம் வருவது வேறு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கடைசியாகப் படித்த அத்தியாயத்தில்:

1. ஆசிரியர் எதை மறுக்கிறார்?
2. எந்த உதாரணத்தை வைத்து?
3. உங்களுக்கு எங்கே உறுத்தியது?

முதல் இரண்டும் வராவிட்டால் அத்தியாயம் உள்ளே போகவில்லை, மறுபடி படிக்க வேண்டியதுதான். மூன்றாவதற்குப் பதில் இருந்தால் கட்டுரையை அங்கிருந்தே தொடங்குங்கள். ("இதை ஏற்க முடியவில்லை, ஏனென்றால்..." என்று ஆரம்பிக்கும் பத்தி ஒன்று போதும், சுருக்கம் யாருக்கு வேண்டும்?) நாவலில் இந்தத் தொல்லை குறைவு, கதை தானாகவே சம்பவங்களைக் கோத்துக் கொடுத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: பெயர், ஆண்டு, மேற்கோள் இவற்றில் நினைவை நம்பாதீர்கள். எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். ஒரு சொல் பிசகினாலும் ஆசிரியர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.