நான் எழுதும் சமையல் குறிப்பெல்லாம் யாரோ எழுதினது மாதிரியே இருக்கிறதே, என்ன செய்வது?

பல வருஷமாக அடுப்படியில் நிற்கிறவர் நீங்கள். நாலு பேர் "எழுதி வையேன்" என்று சொல்லியிருப்பார்கள். நோட்டைத் திறந்ததும் கை தானாக "தேவையான பொருட்கள்" என்று ஆரம்பித்திருக்கும். சரிதானே? எனக்கும் அப்படித்தான் ஆச்சு. எனக்கு அச்சிலேயே மானம் போனது, அதுதான் வித்தியாசம்.

ஒரு பத்திரிகையின் இணைப்புப் புத்தகத்துக்கு "30 வகை மதுரைச் சமையல்" கேட்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது பன்னிரண்டோ பதிமூன்றோ. (வருஷம் முழுக்க நாங்கள் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவதும் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் மட்டும் முப்பதா?) மிச்சத்தை அங்கே இங்கே பார்த்து எழுதி அனுப்பினேன். கறி தோசை எழுதினேன், ஜிகர்தண்டாகூட எழுதினேன். பாதாம் பிசினை எவ்வளவு நேரம் ஊறவைக்கணும் என்பதே அடுத்தவர் எழுதியதைப் பார்த்துத்தான். புத்தகம் வந்த அன்றைக்கே நாத்தனாரிடமிருந்து போன்.

"ஏத்தா, நம்ம வீட்ல எந்தக் காலத்துல கறி தோசை சுட்டோம்? அது கடையில போய்த் திங்கிறதுல்ல? ஜிகர்தண்டா வேணும்னா விளக்குத்தூணுக்குப் போவோம். நீ எப்ப காய்ச்சுன?"

பதில் சொல்ல வாயில்லை. இப்படி எழுதிப் பிழைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, முப்பது கேட்டால் முப்பது கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக யாரும் இங்கே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம்.

அப்புறம் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அவளுக்காக எழுதினதுதான் நான் முதலில் ஒழுங்காக எழுதினது. மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. என் மாமியாருக்கு உசிலம்பட்டிப் பக்கம், அவர் கைப்பக்குவம் அது. ஒரு ஆழாக்கு காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டு, தனியாக வேகவைத்து, அதற்கப்புறம்தான் புளித்தண்ணிப் பக்கமே கொண்டுபோகணும். வேகாத மொச்சை புளியைப் பார்த்தால் அப்படியே விறைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லுதான். நெத்திலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணியில் போட்டு, மண் போக நாலு தடவை அலசி, கடைசியில் போடணும். சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், மண்சட்டி. மொச்சைக்கு ஏழு விசில் என்று எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போட்டோ அனுப்பினாள். மொச்சையைக் காணோம். பருப்பு கடைந்த மாதிரி ஒரு கூழ், நடுவில் கருவாடு மிதக்குது.

"நீ சொன்ன மாதிரி ஏழு விசில்தாம்மா விட்டேன்."

ரெண்டு நாள் யோசித்துப் பிடிபட்டது. எங்கள் வில்லாபுரம் வீட்டில் போர் தண்ணி. டம்ளரில் ஊற்றி வைத்தாலே வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணியில் மொச்சையும் பருப்பும் லேசில் வேகாது. அவள் இருப்பது உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணியில், அதற்கு மூணு விசில் போதும். இத்தனை வருஷமாக மாமியார் சொல்லித்தந்த பக்குவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஏழு விசில், போர்வெல் போட்ட பிறகு நானாகக் கூட்டிக்கொண்டது. அவர் விறகடுப்பில் வைத்தவர், விசிலையே கண்டதில்லை.

தண்ணி என்றதும் ஞாபகம் வருகிறது. நல்ல தண்ணி தருகிறோம், குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டுப் பத்து மாசம் ஆச்சு. சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள். அதை உருட்டிக்கொண்டு வர எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மழை பெய்தால் வாசலில் சேறு. சொன்னால் "ஆள் வரும்" என்கிறார்கள். சரி, விடுங்கள்.

அந்த ஏழு விசில் கதைக்கு அப்புறம் ஒவ்வொரு குறிப்பையும் எழுதும்போதே அடுப்பில் வைத்துப் பார்க்கிறேன். "எலுமிச்சை அளவு புளி" என்று எல்லாரும் எழுதுகிறோமே, யார் வீட்டு எலுமிச்சை? நான் எடுப்பதைத் தராசில் வைத்தால் 35 கிராம் நின்றது. அதுவும் கீழமாசி வீதியில் வாங்கும் பழைய புளிக்கு. மாசி பங்குனியில் வரும் புதுப்புளி என்றால் இன்னும் கொஞ்சம் கூடப் போடுவேன். மாமியார் தேங்காய் அரைத்து விடுவார், எனக்குப் பிடிக்காது, விடுவதில்லை என்றும் எழுதிவிட்டேன். நாத்தனார் இதற்கும் போன் போட்டார், ஆனால் இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது.

நீங்கள் எந்த ஊர், என்ன தண்ணி என்று கேள்வியில் போடவில்லையே. அடுத்த குறிப்பை எழுதும்போது அதை முதல் வரியாக எழுதிப் பாருங்கள்.

என் நோட்டில் இப்போது 41 குறிப்பு இருக்கிறது. போன மாசம் புத்தகம் போடுகிற ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மதுரைன்னு பேர் வச்சுட்டு ஜிகர்தண்டா இல்லாம எப்படிம்மா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.