நெற்றி ஏறுகிறது, என்ன வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 31 வயது, ஆண். இரண்டு வருடமாக நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் முடி மெலிந்துகொண்டே வருகிறது. பழைய போட்டோவைப் பார்த்தால் நெற்றி ஏறியிருப்பது நன்றாகத் தெரிகிறது. ‘முடி உதிர்வைத் தடுக்கும்’ ஷாம்பு, சீரம், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மூன்றும் சேர்ந்த மூன்று மாத கிட் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் இருக்கும் வாக்குறுதியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அதற்கான விளக்கம் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும்: ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு’. பாதியில் ஒடிந்து விழும் முடி வேறு, வேரே சுருங்கி மெலியும் முடி வேறு. சிக்கைக் குறைக்கிற எந்த ஷாம்பும் சீப்பில் ஒடிவதைக் குறைக்கத்தான் செய்யும். ஆகவே அவர்கள் சொல்வது பொய்யில்லை. உங்கள் நெற்றியைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பரம்பரை வழுக்கையின் தொடக்கம் போலத் தெரிகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்குச் சிலரின் முடிவேர்கள் பிறவியிலேயே எளிதில் வசப்படும். அந்த வேர்கள் ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். கொத்தாகக் கொட்டாது, தடித்த முடி இருந்த இடத்தில் பூனைமுடி முளைக்கும். தலையில் போட்டு இரண்டு நிமிடத்தில் அலசிவிடும் பொருள் இதை நிறுத்தும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

பயோட்டின் குறைபாடு உள்ளவர்களுக்குப் பயோட்டின் உதவும். அந்தக் குறைபாடு அரிது. ஆனால் அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் தப்பான எண்ணைக் காட்டக்கூடும். 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

சீரத்தில் மினாக்ஸிடில் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால், தலையில் தடவும் மருந்தாகி 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஆண்களுக்கான அந்த அனுமதி உச்சந்தலைக்குத்தான். முன்நெற்றியில் ஓரளவு கைகொடுக்கலாம், உச்சியில் கிடைக்கும் பலனை அங்கே எதிர்பார்க்காதீர்கள். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும், பயன்பாட்டை விட்டால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். ஆக, நீங்கள் போட வேண்டியது மூன்று மாதக் கணக்கு அல்ல, வருடக் கணக்கு. (வீட்டில் பூனை இருந்தால் கவனம்: இந்த மருந்து கொஞ்சம் பட்டாலே அதற்கு ஆபத்து.)

ஆண்களுக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரையும் உண்டு. டி.எச்.டி. உருவாவதையே குறைப்பதால் இது பிரச்சினையின் வேருக்குப் போகிறது. சிலருக்குப் பாலியல் நாட்டம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் வருகின்றன. எனவே இது தோல் மருத்துவரிடம் பேசித் தொடங்க வேண்டியது. ஆன்லைனில் நாலு கேள்விக்கு டிக் அடித்து வாங்கும் சமாசாரம் இல்லை. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவும் கூடாது.

கேள்வி: குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. நெற்றி ஓரத்தில் கைநிறைய முடி வருகிறது. இதே நிலையில் இருந்த என் தோழிக்கு ஒரு எண்ணெய் மூன்றே மாதத்தில் சரி செய்துவிட்டதாம். நானும் வாங்கட்டுமா?

பதில்: தோழி சொல்வது உண்மையாகவே இருக்கலாம், எண்ணெய்க்குத்தான் அதில் பங்கிருக்காது. பிரசவம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீரென உடல் மெலிவது, இவற்றுக்குப் பிறகு ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து கொட்டும். வேர் பிழைத்தே இருப்பதால் தானாகத் திரும்ப முளைக்கும். கொட்டுவதைப் பார்த்துப் பதறி ஒன்றை வாங்குகிறோம், உதிர்வு தானாக நிற்கப் போகிற நேரமும் அதுதான். பெயர் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. மூன்று மாத கிட்களின் புகழில் ஒரு பகுதி இப்படிச் சம்பாதித்தது என்பது என் சந்தேகம்.

ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது மினாக்ஸிடில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி: வயது 56, பெண். முன்நெற்றி முடி மேலே போய்க்கொண்டே இருக்கிறது, புருவமும் மெலிந்துவிட்டது. எந்த சீரம் நல்லது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றியும் புருவமும் சேர்ந்து போனால், வேர்கள் அழற்சியால் தழும்பாகிவிடும் நோயாக இருக்கக்கூடும். தழும்பான வேரில் எந்த மருந்தும் முடியைக் கொண்டுவராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை, அதனால் தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ‘ஒரே நாளில் புது நெற்றிக்கோடு’ என்று ஒரு கிளினிக் விளம்பரம். முன்-பின் படங்கள் அசத்துகின்றன.

பதில்: படங்களில் முடியை விட வெளிச்சத்தைப் பாருங்கள். முன் படத்தில் தலை ஈரமாக, விளக்குக்குக் கீழே குனிந்திருக்கும். பின் படத்தில் முடி நீளமாக வளர்ந்து, முன்பக்கம் வாரிவிட்டிருக்கும்.

பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுவதுதான் ஒரு நாள். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிரும், பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பின்தலையிலிருந்து எடுக்கக்கூடிய முடிக்கு ஓர் அளவு உண்டு. 25 வயதில் நெற்றியைத் தாழ்வாக நட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி 35-ல் போனால் நடுவில் வெறுமையாக நிற்கும். வேர்களை எடுப்பதும் துளை போடுவதும் மருத்துவரா உதவியாளரா, பிறகும் மருந்து தொடர வேண்டுமா என்று கேளுங்கள். ‘மருந்தே வேண்டாம்’ என்று எல்லோருக்கும் சொல்லும் இடத்துக்கு நான் போக மாட்டேன்.

கேள்வி: தொப்பி போட்டால் வழுக்கை விழுமா?

பதில்: விழாது. நெற்றி தெறிக்க இழுத்துக் கட்டும் கொண்டையும் போனிடெயிலும்தான் பல வருடம் தொடர்ந்தால் ஓரங்களில் முடியை நிரந்தரமாகப் போக்கும். ஆரம்பத்திலேயே தளர்த்திக்கொண்டால் திரும்ப வளரும். ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடச் செலவும் இல்லை.