25 லட்சத்துக்குப் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வாங்கலாமா, புது எஸ்யூவி எடுக்கலாமா?

கேட்டவர் திருச்சிக்காரர். கையில் 25 லட்சம் இருக்கிறது, 2015 மாடல் 320டி (3 சீரிஸின் டீசல் மாடல்) ஒன்றை 19 லட்சத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறார், வீட்டில் எல்லோரும் புது எஸ்யூவி எடுக்கச் சொல்கிறார்கள், ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் நாமக்கல்லில் நாலு வருடமாக 2017 மாடல் 320டி ஓட்டுகிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் 25 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். 20, 21க்குள் வண்டியை முடித்துக்கொண்டு மிச்சத்தைத் தொடாமல் பாங்கில் போட்டு வையுங்கள். வண்டியைப் பாதி விலைக்கு வாங்கலாம், அதன் பிரேக் டிஸ்க்கையோ சஸ்பென்ஷன் புஷ்ஷையோ யாரும் பாதி விலைக்குத் தரமாட்டார்கள். பாகங்களைக் கோர்த்து வண்டியாக்குவது நம் ஊரில்தான், செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது, 3 சீரிஸ் அங்கேதான் வெளியே வருகிறது. ஆனால் பாகங்களில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, சுங்க வரியோடு.

நான் வண்டி தேடியது 2021இல். எங்கள் அப்பா முப்பது வருடம் லாரி வைத்திருந்தவர், கூட வந்தார். முதலில் சென்னையில் ஒரு பழைய கார் கடையில் 2014 மாடல் ஒன்று பார்த்தோம். பளபளவென்று இருந்தது, 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, உள்ளே நல்ல வாசனை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்பா பின் சீட்டில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இல்லை, இதற்கு மேல் வராது என்று நிற்கும் வரை இழுத்தார். கடைசி ஒரு முழம் பெல்ட், எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடப்பது, அதில் குறுக்கே டீ நிறத்தில் ஒரு கோடு. கட்டை விரலால் தேய்த்தார், விரலில் மண் வந்தது. "சாமி, இது தண்ணியில நின்ன வண்டி. எந்திரி, போலாம்" என்றார். கடைக்காரர் ஏதோ சொன்னார், நாங்கள் நின்று கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட்டைக் கழுவலாம், கார்பெட்டை மாற்றலாம், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை. அதோடு பூட் (டிக்கி) தரையைத் தூக்கி அடியில் பாருங்கள், இந்த வண்டியில் பாட்டரி அங்கேதான் இருக்கிறது. வயர்கள் தரையோடு கார்பெட்டுக்கு அடியில் போகின்றன, ஒருமுறை தண்ணீர் குடித்த கனெக்டர் இரண்டு வருடம் கழித்துக்கூடப் பச்சை பிடித்துத் தொல்லை கொடுக்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டி வேண்டாம்.

நான் வாங்கியது கோவையில் ஒரு டாக்டரிடம், 41,000 கிலோமீட்டர், வருடா வருடம் சர்வீஸ் பில் ஃபைலில் இருந்தது, 24 லட்சம். அதைப் பார்க்கக் காலை ஆறரைக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். "ராத்திரி பூரா நின்ன வண்டியத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும். மொதல்ல பானட்டுல கை வெச்சுப் பாரு, சூடா இருந்தா நமக்கு முன்னாடியே எழுப்பி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்." பானட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் அவர் பின்பக்கம் போய்ப் புகையைப் பார்த்தார், நான் எஞ்சின் பக்கம் காது வைத்துக் கேட்டேன்.

காது வைத்துக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது, உங்களுக்கு முக்கியமானது. 320டி என்று பூட்டில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே எஞ்சின் இல்லை. 2015 வரை வந்தவற்றில் என்47, 184 குதிரைத்திறன். 2016 ஜனவரியில் முகம் மாற்றி வந்ததில் பி47, 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். என்47இல் டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற சங்கிலி, தேய்வது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், 2011க்கு முந்தைய எஞ்சின்களில் அதிகம், பிறகு வந்தவற்றில் குறைவு. செயின் முன்பக்கம் இருந்தால் பரவாயில்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சங்கிலி உரசுகிற சத்தம் சில விநாடி கேட்டாலே விலகிவிடுங்கள். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் மறைந்து போகலாம், அதனால்தான் பானட்டில் கை.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு இதை ஏன் வாங்க வேண்டும்? கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டிலிருந்து பக்கம் என்பதால் மாதம் ஒருமுறையாவது விடிகாலையில் போய்விடுவேன். இதற்கு முன் வைத்திருந்த வண்டியில் வளைவில் திரும்பினால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும், உடம்பு கதவில் சாயும். இதில் எஞ்சின் முன் அச்சை விட்டுப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, பாட்டரி பின்னால், எடை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான், தள்ளுகிற வேலை பின் சக்கரத்துக்கு. ஆட்டோமேட்டிக் கியர் லீவரைக் கையால் மாற்றுகிற முறைக்குப் பக்கவாட்டில் தட்டிவிட்டு, வளைவுக்கு முன் லீவரை முன்னே ஒரு தள்ளு தள்ளினால் ஒரு கியர் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். பிரேக் பிடிக்கும்போது உடம்பு போகிற திசையிலேயே கையும் போகிறது, எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். வளைவின் நடுவில் காலை மெதுவாக அழுத்தினால் வண்டி அப்படியே முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி வெளியே வரும். இருபதாவது வளைவு வருவதற்குள் மனசில் இருக்கிற மற்ற எல்லாம் போய்விடும். மேலே ஏறி இறங்கி டீ குடிக்கும்போது கையில் இன்னும் அந்த ஸ்டியரிங்கின் பாரம் இருக்கும்.

1961இல் 1500 என்ற நாலு கதவு வண்டியோடு பிஎம்டபிள்யூ தொடங்கிய வழி இது, 1975இல் 3 சீரிஸ் ஆனது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியே ஓட்டுகிறவருக்கும் சந்தோஷம் தர வேண்டும் என்பதுதான் விஷயம். என் அம்மாவும் அப்பாவும் பின்னால் வருகிறார்கள், பெண்ணின் பள்ளிக்கூடப் பை பூட்டில் கிடக்கிறது, அதே வண்டிதான். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18க்குக் குறையாமல் கொடுக்கிறது. இப்போது புதிதாக விற்கிற லாங் வீல்பேஸ் மாடலில் சக்கரங்களுக்கு நடுவே 110 மில்லிமீட்டர் நீளம் கூடியிருக்கிறது, பின் சீட்டுக்கு அது நல்லது, வளைவுக்கு எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது.

செலவைப் பற்றி. நாலு வருடத்தில் டயர், பிரேக், சர்வீஸ் எல்லாம் சேர்த்துச் சராசரியாக வருடத்துக்கு 1.2 லட்சம் ஆகியிருக்கிறது, இன்ஷூரன்ஸ் தனி. ஆயிலை வண்டி கேட்கும்போது மாற்றலாம் என்று திரை சொல்லும், நான் அதற்குக் காத்திருப்பதில்லை, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இது அப்பாவின் லாரிக் கணக்கு. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று ஷோரூம்காரர்கள் சொல்வார்கள், அந்தக் கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு ஒன்றாக வருவதால் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எனக்கு 45,000 ரூபாய் ஆனது, கியர்பாக்ஸ் போனால் ஆகிற செலவுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. பாட்டரி மாற்றினால் புது பாட்டரியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும், தெரியாத கடையில் சும்மா கழற்றி மாட்டிவிடுவார்கள், பழைய பாட்டரிக்கு ஏற்ற மாதிரியே சார்ஜ் ஏறிப் புதியது சீக்கிரம் போய்விடும். அதனால் வண்டி வாங்குவதற்கு முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோவையில் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்தார், கம்பெனி சர்வீஸில் பல வருடம் இருந்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர், எதையும் மாற்றுவதற்கு முன் கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்துக் காட்டுவார்.

டயர் பற்றி ஒரு எச்சரிக்கை. இவை ரன்ஃப்ளாட், காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். 2022 மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து வரும்போது, ராத்திரி பதினோரு மணி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் இடது முன் சக்கரம் இறங்கியது. பக்கச் சுவர் கிழிந்துவிட்டது. லாரிகள் இறங்குகிற அந்த ரோட்டில், பின்னால் அம்மா தூங்கிக்கொண்டிருக்க, வண்டியை நிறுத்தாமல் மெதுவாகச் சேலம் வரை ஓட்டி வந்தேன், அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் போட முடியாது, அந்த 225/50 ஆர்17 ரன்ஃப்ளாட் சேலத்தில் கிடைக்கவில்லை, கோவையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது, ஒன்று 18,000 ரூபாய். எம் ஸ்போர்ட் என்ற ஸ்போர்ட்டி வகையில் 18 இஞ்ச் என்றால் பின் டயர் 255 அகலம், முன் டயர் 225, மாற்றிப் போடவும் முடியாது. நம் ரோட்டுக்கு 17 இஞ்சே போதும். வேகத்தடையில் கொஞ்சம் சாய்வாக ஏற்றி இறக்கப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் கை தானாகச் செய்யும்.

வரி விஷயத்தில் பழைய வண்டிக்கு ஒரு சாதகம். 2023 நவம்பரிலிருந்து இங்கே புது வண்டிக்கு ஆயுள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். அப்படியென்றால் உங்கள் 25 லட்சத்துக்கு ஷோரூம் விலை 20 லட்சத்தை ஒட்டிய எஸ்யூவிதான் வரும். டிஎன் பதிவு வண்டியில் வரியை முதல் ஓனர் கட்டி முடித்திருப்பார். டெல்லி வண்டி சல்லிசாக வருகிறதே என்று போகாதீர்கள், 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்குப் பிறகு அந்த வயதை நெருங்கும் வண்டியைப் பலர் வைத்துக்கொள்ள விரும்பவில்லை, அதனால்தான் அந்த விலை. அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரி கட்டி முடிப்பதற்குள் மிச்சப்படுத்தியது போய்விடும். இன்ஷூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் (தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் உதவுவது) கட்டாயம் சேருங்கள், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது) ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மண் ரோட்டில் தினமும் தோட்டத்துக்குப் போக வேண்டும், ஏழு பேர் ஏற வேண்டும், வீட்டில் இது ஒன்றுதான் வண்டி என்றால் எஸ்யூவியே எடுங்கள். என் வீட்டில் தோட்டத்துக்கு அப்பாவின் பழைய பொலேரோ நிற்கிறது.

நீங்கள் பார்த்த 2015 வண்டி என்47ஆகத்தான் இருக்கும். 19 லட்சம் அதற்கு அதிகம் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து 2016க்குப் பிந்தைய பி47, டிஎன் பதிவு, சர்வீஸ் பில்லோடு தேடுங்கள். கிடைத்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து கொல்லிமலை பக்கம்தான், என் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாலும் வாருங்கள், காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் காரவள்ளியில் ரோடு காலியாக இருக்கும்.