நான்கு சர்வர்களில் உள்ள விர்ச்சுவல் மெஷின்களை ஒரே டெர்மினலில் இருந்து நிர்வகிப்பது எப்படி?
கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதி) ஓடும் நான்கு சர்வர்கள், வெப் பேனல் வேண்டாம் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் அந்த மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்விர்ட்டோடு வரும் விர்ஷ் என்ற கட்டளைக் கருவி போதும். அதை உங்கள் லேப்டாப்பில் நிறுவி, எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியோடு பாதுகாப்பாக இணையும் வழி) பொதுச் சாவியை ஒவ்வொரு சர்வரிலும் போட்டுவிடுங்கள். கட்டளையில் சர்வரின் முகவரியைக் கொடுத்தால், அங்குள்ள லிப்விர்ட்டோடு எஸ்எஸ்ஹெச் வழியாகவே பேசிக்கொள்ளும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முகவரியின் கடைசியில் 'சிஸ்டம்' என்பதற்குப் பதில் 'செஷன்' என்று இருந்தால் மெஷின் பட்டியல் காலியாக வரும். மெஷின்கள் எங்கும் போய்விடவில்லை; நீங்கள் சர்வரில் நுழைந்திருக்கும் பயனரின் தனி இடத்தைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். (எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது இதனால்தான்.) அப்புறம், அணைந்திருக்கும் மெஷின்களும் தெரிய 'ஆல்' என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும்.

நான்கு சர்வர்களின் பட்டியலையும் விர்ஷ் ஒரே கட்டளையில் தராது. அதற்கு மட்டும், அதே கட்டளையை ஒவ்வொரு சர்வருக்கும் திரும்ப ஓட்டும் சின்ன ஷெல் லூப் ஒன்றை டெர்மினலில் எழுதிக்கொள்ளுங்கள்.