வாடகை வீடும் அதன் குறைகளும்: கேள்வி பதில்

குடியேறிய முதல் சில வாரங்களில் தெரியவரும் பழுதுகளைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே கணக்குதான். கழற்றிவிட்டுப் பழையபடி வைக்கக்கூடிய வேலையை நீங்களே செய்யலாம். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மெயின் போர்டுக்குள்ளும் இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எதுவானாலும், பழுது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, அடுத்த வாரம் குடிபோகிறோம். சாமான் இறக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

பதில்: வீடு காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். பீரோ வந்து நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் சுவர் தெரியாது.

சமையலறை சிங்க்கின் வாயை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கீழே உள்ள குழாய் மூட்டுகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்துவிடும். குழாய்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டே ஃப்ளஷை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வேகம் எவ்வளவு குறைகிறது என்று புரியும். போன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா ப்ளக் பாயின்டிலும் செருகிப் பாருங்கள். ஜன்னல் ஒவ்வொன்றையும் மூடித் தாழ் போட்டுப் பாருங்கள்.

கூரையில் கறை இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. தாண்டவில்லை என்றால் பழைய கறையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று மழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போட்டோ எடுக்கும்போது முதலில் அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் பழுதின் அருகில் அளவுகோல் வைத்து ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த அறை என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் அளவுகளையும் சேர்த்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது அந்தத் தேதிதான் பேசும்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் ஓதம். பெயின்ட் உப்பி உரிகிறது, மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் வேறு. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: இப்போது அடிக்காதீர்கள். ஈரச் சுவர் மேல் இறுக்கமான பெயின்ட் படலம் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. சுவரில் இருக்கும் உப்பு படலத்துக்குப் பின்னால் படிந்து, பெயின்டை மறுபடியும் தள்ளி உரிக்கும். செலவு வீண்.

ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்பதை முதலில் பிரியுங்கள். இதற்கு ஒரு துண்டு அலுமினியம் ஃபாயில் போதும். ஓதம் இருக்கும் இடத்தைத் துணியால் ஒற்றி, சற்று விசிறிக் காற்றில் காய விடுங்கள். சுமார் 30 செ.மீ. சதுரமாக ஃபாயிலை வெட்டி, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். உரிகிற பெயின்ட் மேல் டேப் நிற்காது. உரிந்ததைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம் கழித்து, பிரிக்கும் முன் வெளிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பிரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். துணியை உள்ளே காயப் போடுவது, குளியலறைக் கதவைத் திறந்து போடுவது, பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது, இவைதான் பெரும்பாலும் காரணம். பீரோவுக்கும் சுவருக்கும் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அடைமழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அப்போது ஜன்னலைத் திறப்பதைவிட விசிறி போடுவது மேல்.

பின்பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை.

பூஞ்சணம் 1 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் நீங்களே துடைக்கலாம். என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ப்ளீச் பயன்படுத்துவதானால் அது மட்டும்தான். கழிவறை கழுவும் அமிலம், வினிகர், அம்மோனியா எதையும் அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் துடைக்கும்போது அவர் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வி: மேலே கேட்டவன்தான் அண்ணா. ஃபாயில் ஒட்டிப் பார்த்தேன், பின்பக்கம்தான் ஈரம். வீட்டுக்காரர் "மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

பதில்: அப்படியானால் எந்தத் தண்ணீர் என்று காட்டிவிட்டால் அவரும் தட்ட முடியாது. சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

குளியலறை இருந்தால், இரண்டு நாள் அதைப் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா? ஈரம் வெளிறினால் தரை ஓடுகளின் இடுக்கு வழியாகவோ கழிவுநீர்க் குழாய் வழியாகவோ இறங்குகிறது. அப்படியும் குறையவில்லை என்றால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகியுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் அளவைக் குறியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இல்லாத வீட்டில், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதை நிறுத்திவிட்டுத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துப் பார்க்கலாம்.

மறுபக்கம் வெளிச்சுவர் என்றால் காரை விரிசலையும் உடைந்த மழைநீர்க் குழாயையும் தேடுங்கள். ஈரம் தரையிலிருந்து தொடங்கி, சுமார் 1 மீட்டர் உயரத்தில் பட்டை போல நின்று, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். இதற்கு அஸ்திவார மட்டத்தில் வேலை செய்ய வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தீர்க்கக்கூடியது இல்லை. கட்டில் தலைமாட்டை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, படங்களோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்து சேர்ந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம். எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.

பதில்: தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் ட்ராப் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. புழங்காவிட்டால் வற்றிப்போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகும்போது ஊற்றிவிட்டு மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். ஊற்றியும் நாற்றம் இருந்தால் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்க வேண்டிய கிண்ணம் போன்ற மூடியை முன்பு இருந்தவர்கள் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஃப்ளஷ் டேங்க் ராத்திரி தானாக நிரம்புகிற சத்தம் கேட்கிறது. யாரும் உள்ளே போகவில்லை.

பதில்: டேங்க் தண்ணீரில் அடர்த்தியான நிறச் சாயம் பத்துச் சொட்டு விட்டு, 15 நிமிடம் யாரும் அழுத்தாமல் இருங்கள். கீழே பீங்கானில் நிறம் வந்தால் பெரும்பாலும் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கும். பழையதைக் கழற்றிக் கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். அடைப்பை மாற்றும் முன், மிதவை உயரமாக நிற்பதால் தண்ணீர் நடுக்குழாயின் வாய்க்கு மேல் ஏறி வழிகிறதா என்று பாருங்கள். மட்டம் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையை இறக்குங்கள்.

கேள்வி: மழை வந்தால் அறைக்கதவு மூடவே மாட்டேன் என்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடலாமா?

பதில்: மழைக்காலத்தில் இழைக்க வேண்டாம். மரம் இப்போது ஊறிப் பருத்திருக்கிறது. வெயில் காலத்தில் சுருங்கியதும் இழைத்த இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி நிற்கும்.

முதலில் மேல் கீலைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கினால் ஆடுகிறதா? ஆடினால் கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்குகிறது. கதவுக்கு அடியில் அட்டையோ மரச்சிம்போ சொருகி, பழைய மட்டத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். தளர்ந்த ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு கையில் வந்துவிடும். ஓட்டைக்குள் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசை தடவி, இறுகும் வரை திணித்து, வெளியே நீட்டுவதை வெட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி காய்ந்த பிறகு அதே ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிடித்துக்கொள்ளும்.

கீல் சரியாக இருந்தும் உரசினால் கதவு நிலைச்சட்டத்தின் உள்விளிம்பில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசுகிற இடம். அங்கே மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், அல்லது உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

கேள்வி: அண்ணா, ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. பெரிய எம்.சி.பி. மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றவே கூடாது. எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் சுவிட்ச். அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒயர் மெல்லியதாகவே இருக்க, 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டால், சுவிட்ச் விழும் முன் ஒயர் கொதித்து உருகும்.

கணக்கு எளிது. மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால் 10 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 2,300 வாட். ஹீட்டர் 2,000, கெட்டில் 1,500. சேர்த்து 3,500 வாட், அதாவது 15 ஆம்பியருக்கு மேல். உடனே விழாமல் சற்று நேரம் கழித்து விழுவதும் அதனால்தான். ஒன்றை வேறு இணைப்பில் இருக்கும் பாயின்டுக்கு மாற்றுங்கள். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே வேண்டாம்.

விழுவது சோதனைப் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்) என்றால் விஷயம் வேறு. எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லா ப்ளக்கையும் உருவிவிட்டு, சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அந்தச் சாதனத்தை ஓரங்கட்டுங்கள். எதுவும் செருகாமலே விழுந்தால் ஒயரிங் பழுது. எலக்ட்ரீஷியன் வரும் வரை மறுபடி மறுபடி தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கிறார்கள். குளித்து வந்தால் மனைவிக்குத் தலைவலி. உடம்புக் கோளாறாக இருக்குமோ?

பதில்: இன்றைக்கே அதை நிறுத்துங்கள். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கி, ஆள் மயங்கி விழுவார், உயிர் போகும். கதவைச் சற்றுத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கீசரை வெளிக்காற்று படும் இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது எரிந்த புகை குழாய் வழியாக வெளியே போகும் வகைக்கு மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் மாற்றித் தரும் வரை வெந்நீரை வேறு இடத்தில் காய்ச்சிக் கொண்டுபோங்கள். மனைவியை மருத்துவரிடம் காட்டும்போது கீசர் விஷயத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு முழங்கால் வலி. பாத்ரூம் தரை வழுக்குகிறது. மகன் ஒட்டுகிற மாதிரி கைப்பிடி வாங்கி வந்திருக்கிறான். பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை நம்பிப் பாரம் போடாதீர்கள். சுவர் ஓடுகளின் இடுக்கின் மேல் பட்டாலோ, சோப்பு நீர் புகுந்தாலோ காற்று நுழைந்து சட்டென்று விட்டுவிடும். கெட்டியான செங்கல் சுவரில் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால் பிடித்த கைப்பிடிதான் வேண்டும். தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரம் பலருக்குச் சரியாக வரும். மாட்டும் முன் நீங்கள் நின்று கையை நீட்டிப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு: சுவிட்சுக்கும் குழாய்க்கும் நேர் மேலே, கீழே, பக்கவாட்டில் ட்ரில் போட வேண்டாம், உள்ளே ஒயரும் பைப்பும் அந்த வழியில்தான் போகும். வீட்டுக்காரரிடம் இதற்கு அனுமதி கேட்கத் தயங்காதீர்கள். வழுக்கலுக்குப் பெரும்பாலும் சோப்புப் படிவுதான் காரணம். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரைத் தள்ளி உலர விடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. காலையில் தினமும் சண்டை.

பதில்: தண்ணீர் தேவைப்படாத வேலைகளை அங்கிருந்து வெளியேற்றுங்கள். கண்ணாடி, சீப்பு, முகப் பவுடர், மாற்றுத்துணி எல்லாம் வெளியே. இதிலேயே ஆளுக்குச் சில நிமிடங்கள் மிஞ்சும். முதலில் கிளம்புகிறவர் முதலில். அதிக நேரம் எடுப்பவர் கடைசியில். சின்னப் பிள்ளைகளின் குளியலை மாலைக்கு மாற்றிவிட்டால் காலையில் கூட்டம் குறைந்துவிடும்.

கேள்வி: நாலு வயசு மகள் புது வீட்டில் தூங்கவே மாட்டேன் என்கிறாள். சத்தம் கேட்கிறதாம்.

பதில்: அவள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ராத்திரி நீங்கள் அவள் படுக்கிற இடத்தில், அவள் உயரத்தில் படுத்துக் கேளுங்கள். மோட்டார் நிற்கும் சத்தம், குளிர்பதனப் பெட்டி உறுமுவது, ஜன்னல் கொக்கி ஆடுவது என்று ஏதாவது ஒன்று இருக்கும். பகலில் அவளைக் கூட்டிப்போய் அந்தச் சாமானை அவள் கையாலேயே தொட்டு, அந்தச் சத்தத்தை எழுப்பிப் பார்க்க விடுங்கள். கொக்கி என்றால் துண்டு ரப்பர் வைத்து அடக்கிவிடலாம். பழைய வீட்டுப் போர்வையை முதல் வாரம் துவைக்காதீர்கள், அந்த மணம் வேண்டும் அவளுக்கு. கட்டிலை அவள் படுத்தபடியே கதவு தெரிகிற பக்கம் திருப்பிப் போடுங்கள். அறையில் உயரமான அலமாரி இருந்தால் மேல் ஓரத்தில் இரண்டு எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள். அவள் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அலமாரி அப்படியே சாயும். அந்த ஓட்டைகளைக் காலி செய்யும்போது பட்டி போட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு தொட்டு பெயின்ட் வைத்தால் போதும்.